கெலாங் பாத்தாவில் பூக்கும் செண்டுடுக்

ஜொகூர் பாருவிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் கெலாங் பாத்தா வரும். மலாய் மொழியில் கெலாங் என்றால் வளையல், பாத்தா என்றால் ஒடிந்தது. யாருடைய வளையல், எதற்காக ஒடிந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாவற்றிலும் ஓர் இளவரசி இருப்பாள். நான் போன காரியம் இளவரசியைப் பற்றியதல்ல. என் அத்தையையும் அவருடைய பேத்தியையும் பற்றியது. இருவருக்கும் நடுவில் ஒரு செடி முளைத்துவிட்டது. அந்த வழக்கைத் தீர்த்து வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வழியில் சுற்றிலும் பாருங்கள். நம்மில் பலருக்கு இந்தப் பக்கம் பால்மரக் காடாகவும் செம்பனைக் காடாகவும்தான் நினைவிருக்கும். ரினி தோட்டம் இன்று முத்தியாரா ரினி என்னும் வீடமைப்புப் பகுதி. 1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது. 2000 வாக்கில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் வந்தது. 2006இல் இஸ்கந்தர் மலேசியா திட்டம் அறிவிக்கப்பட்டது. லயத்து வீடுகளில் பிறந்தவர்கள் இப்போது தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். முன்வாசலில் சிமெண்டு, பின்வாசலிலும் சிமெண்டு. கறிவேப்பிலைக்கு ஒரு பூந்தொட்டி, துளசிக்கு ஒரு பூந்தொட்டி. அத்தை வீடும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பள்ளி வேலியோரம் வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும் ஒரு சிறு தோட்டம் போட முடிவு செய்தார்கள். கடைப் பூச்செடி வாங்கக் கூடாது, இந்த மண்ணிலேயே முளைத்த செடிதான் வேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். காலியிடங்களில் அலைந்து செண்டுடுக் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து நட்டார்கள். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றினார்கள். நான்காவது வாரம் புல் வெட்டுகிறவர் வந்தார், தம் கடமையைச் செய்தார். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வந்து பார்த்தபோது தரை வழவழவென்று இருந்தது.

பேத்தி அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாளாம். அத்தை சமாதானம் சொல்வதற்குப் பதில், "அது களைதானே கண்ணு, வெட்டாம என்ன செய்வாங்க?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் பாட்டியோடு பேத்தி பேசுவதில்லை.

அத்தையின் பக்கத்து நியாயத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். செண்டுடுக்கைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? ஊதாப் பூ, சொரசொரப்பான இலை. காய் வெடித்தால் உள்ளே கருஞ்சிவப்பாகச் சதை இருக்கும். தின்றால் நாக்கு மையைக் குடித்தது போலாகிவிடும். பள்ளிக்கூடம் போகாமல் ஊர் சுற்றியவனை வாத்தியார் நாக்கை நீட்டச் சொல்லியே கண்டுபிடித்துவிடுவார். தாவர நூலார் இதற்கு மெலஸ்டோமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரேக்க மொழியில் கறுத்த வாய் என்று பொருளாம். அவர்களும் தின்று பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது!

ஆனால் தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் அது களை. மரத்தின் உரத்தைத் தின்கிறது, குலை வெட்டுகிறவனுக்கு வழியை அடைக்கிறது. அதனால் மருந்து அடிக்க வேண்டும். யார் அடித்தது? பெரும்பாலும் நம் பெண்கள்தான். அத்தை பதினெட்டு வருஷம் முதுகில் டின் கட்டிக்கொண்டு நடந்தவர். விரல் நகம் கறுத்து உதிர்ந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த மருந்துகளில் கொடியதான பாராகுவாட் மலேசியாவில் 2002இல் தடை செய்யப்பட்டது, 2006இல் தடை தளர்ந்தது, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றாக நின்றது. அத்தைக்கு அப்போது வேலை ஓய்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"நான் எத்தனை ஆயிரம் செண்டுடுக்கைக் கொன்னேன்னு கணக்கில்ல தம்பி. இவ என்னடான்னா அதை நட்டு வச்சு முத்தம் குடுக்கிறா" என்றார் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் பேத்தியிடம் போய், "பாட்டிக்குச் செண்டுடுக்கைத்தான் தெரியாது, பூவைப் பற்றி உனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும். கேட்டுப் பார்" என்றேன். அவள் நம்பவில்லை.

அத்தை மருந்து டின் தூக்குவதற்கு முன் பார்த்த வேலை என்ன தெரியுமா? செம்பனைப் பூவுக்குத் தூள் அடிப்பது. இன்றைய இளசுகளுக்கு இது தெரியாது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். மரம் வந்தது, அதன் பூவை அங்கே கவனித்துக்கொண்டிருந்த பூச்சி வரவில்லை. ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ ஒரு மரத்தில் என்று பூக்கும்போது, இங்குள்ள காற்றும் சிறு பூச்சிகளும் அரைகுறையாகத்தான் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆகவே ஆண் பூவை வெட்டி, மகரந்தத்தை உதறி, காயவைத்து, முகத்துக்குப் பூசும் பவுடர் போன்ற வெள்ளைத் தூளோடு கலந்து, குழாயால் ஊதிப் பெண் பூவின் மேல் அடிக்க வேண்டும். பெண் பூ இரண்டு மூன்று நாள்தான் ஏற்கும் நிலையில் இருக்கும். எந்த மரத்தில் எந்தப் பூ இன்றைக்கு விரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக நடக்க வேண்டும்.

"பூத்திருக்கா இல்லியான்னு அண்ணாந்து பார்க்கவே வேணாம்" என்றார் அத்தை. "சோம்பு வாசம் வரும். வாசத்தைப் புடிச்சுக்கிட்டே போயிடுவேன்."

பேத்தி தலையைத் திருப்பினாள். "சோம்பா? நாம குழம்புக்குப் போடுற சோம்பா பாட்டி?"

அத்தோடு ஊமைச் சண்டை முடிந்தது. சோம்பேதான். பூச்சியியல் அறிஞர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த ரஹ்மான் சையத் என்பவர் கேமரூன் நாட்டுக்குப் போய், செம்பனைப் பூவை மொய்க்கும் சின்னஞ்சிறு மூக்கு வண்டை ஆராய்ந்தார். அது ஆண் பூவில் முட்டையிட்டு, ஆண் பூவையே தின்று வாழ்கிறது. பெண் பூவில் அதற்கு ஒன்றும் கிடையாது. ஆனால் பெண் பூவும் அதே சோம்பு வாசனையை விடுகிறது. வண்டு ஏமாந்து போய் இறங்குகிறது, உடம்பில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. அந்த வண்டு வேறு பயிரைத் தொடாது என்று சோதித்து உறுதி செய்த பிறகு, 1981இல் நம் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில்தான் முதலில் பறக்க விட்டார்கள். கொஞ்ச காலத்தில் நாடு முழுதும் பரவிவிட்டது. குலைகள் கனத்தன. பெண்கள் தூள் அடிக்கும் வேலை அத்தோடு முடிந்தது.

அத்தை அப்போது குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் இருந்தார். "ஒரு நாள் மண்டோர் வந்து, நாளையிலிருந்து தூள் இல்லே, டின் தூக்குங்கன்னாரு. எதுக்குன்னு கேட்டோம். வண்டு வந்திருச்சின்னாரு. எங்களுக்குச் சிரிப்பு தாங்கலே. வண்டுக்குப் பேர் போட்டுச் சம்பளம் குடுப்பாங்களான்னு கேட்டோம்" என்றார். அந்த வண்டுக்கு இன்றுவரை சம்பளம் கிடையாது. இந்நாட்டின் செம்பனை வருமானத்தில் அதன் பங்கை யாராவது கணக்குப் போட்டால் துரைமார்கள் தொப்பியைக் கழற்ற வேண்டியிருக்கும். தூள் குழாயை வைத்துவிட்டு விஷ டின்னைத் தூக்கிய பெண்களின் பங்கையும் அதோடு சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தையின் மகன் காரை எடுத்தார். பேத்தி, "மாமா, கடலுக்குப் போகலாம்" என்றாள். கெலாங் பாத்தாவிலிருந்து தெற்கே இறங்கினால் தஞ்சோங் கூப்பாங் முக்கிம். அதன் கோடியில் கம்போங் பாசிர் பூத்தே. வெண்மணல் என்று பொருள். மலாய் மீனவர்களின் கிராமம். இந்தச் சுற்றுவட்டத்தில் சிம்பாங் அராங் என்று ஒராங் செலேத்தார் மக்களின் ஊரும் உண்டு. அராங் என்றால் கரி. சதுப்பு மரங்களை வெட்டிச் சூளையில் கரியாக்கிய காலத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. எதிரே சிங்கப்பூரின் துவாஸ் கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது.

இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செரினா ரஹ்மான் என்ற சூழலியல் ஆய்வாளரும் ஊர் மீனவர்களும் சேர்ந்து 2008 வாக்கில் இங்கே கெலாப் அலாமி என்றொரு மன்றத்தைத் தொடங்கினார்கள். அலாமி என்றால் இயற்கையானது. படிப்பில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கயிறும் சட்டமும் கொடுத்து, கடலடியில் என்ன இருக்கிறது என்று அளக்கவும் எண்ணவும் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். நீர் வற்றும்போது மெரம்போங் திட்டு என்னும் கடற்புல் மேடு தலைகாட்டும். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளம். கடற்குதிரையும் கொங்கொங் சங்கும் அங்கே கிடைக்கும். கடற்பசு மேய வரும். பிள்ளைகள் முழங்கால் அளவு நீரில் இறங்கி நின்று கணக்கெடுத்தார்கள். பிறகு வெளியூர் மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அவர்களே வழிகாட்டிகளானார்கள். 2014இல் எதிர்க்கடலைத் தூர்த்து ஃபாரஸ்ட் சிட்டி என்னும் நகரம் கட்டத் தொடங்கியபோது, கடற்புல்லின் மேலேயே மண் விழுந்தது. அப்போது இங்கே என்ன இருந்தது என்று சொல்ல, ஊர்க்காரர்களின் கையில் எழுதி வைத்த கணக்கு இருந்தது. இல்லாத ஊர்கள் எத்தனையோ.

வண்டும் தேனீயும் பேசிக்கொண்டிருந்தவன் கடற்புல்லுக்கு ஏன் போனான் என்று கேட்பீர்கள். கடற்புல்லும் பூக்கும் செடிதான்! கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. இங்குள்ள ஒரு பெரிய இலைக் கடற்புல், நீர் நன்றாக வற்றும் சமயம் பார்த்துத் தன் ஆண் பூக்களை அறுத்து மேலே விடும். அவை வெள்ளைப் பொரி போல நீரின் மேல் மிதந்து போய்ப் பெண் பூவில் சிக்கிக்கொள்ளும். கடலே அங்கு வண்டு வேலை பார்க்கிறது. வேறொரு வகைக் கடற்புல்லில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சிறு கடற்பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்து போவதை மெக்சிகோ நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். கடலுக்குள்ளும் தேனீ உண்டு என்று பேத்தி உடனே முடிவு கட்டிவிட்டாள்.

இதைவிட அதிசயம் கரையோரத்தில் இருக்கிறது. மேற்கே சுங்கை பூலாய் ஆற்று முகத்துச் சதுப்புக்காடு, 9,000 எக்டருக்கு மேல். 2003 ஜனவரியில் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் கரைகளில் பெரெபாட், பெரெம்பாங் என்று இரண்டு வகை மரங்கள் உண்டு. சேற்றிலிருந்து கூம்பு கூம்பாக மூச்சு வேர் நீட்டி நிற்கும். பொழுது சாய்ந்தபின் பூக்கும். இதழைவிட மகரந்தத் தாள்தான் அதிகம். முகச்சவரம் செய்யும் தூரிகையைக் கவிழ்த்தது போலிருக்கும். விடிவதற்குள் உதிர்ந்துவிடும். இராத்திரியில் யாருக்காகப் பூக்கிறது? வௌவாலுக்காக.

பத்து மலைக்குத் தைப்பூசத்துக்குப் போகிறவர்களே, குகைக்குள் வௌவால் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியிருப்பீர்கள். அவற்றில் தேன் குடித்து வாழும் ஒரு வகை உண்டு. 1970களில் அதைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், பத்து மலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கடற்கரைச் சதுப்புக்காட்டுக்குப் போய்த் தேன் குடித்துவிட்டு விடியுமுன் திரும்புகிறது என்று கண்டார்கள். போகிற வழியில்தான் டுரியான் பூவும் பெத்தாய் பூவும். அவையும் இராத்திரிப் பூக்கள். டுரியான் வருஷத்தில் சில வாரம்தான் பூக்கும். மீதி நாளெல்லாம் அந்த வௌவாலுக்குச் சோறு போடுவது சதுப்பு மரங்கள். இங்கே பெரெபாட்டை வெட்டினால், எங்கோ உள்நாட்டில் டுரியான் காய்ப்பு குறையும். டுரியான் விலை ஏறினால் வியாபாரியைத் திட்டுகிறோம், வௌவாலை யார் நினைக்கிறார்கள்?

அத்தைக்கு இதில் ஒரு சந்தேகம். "வௌவாலுக்குப் பெரெபாட், வண்டுக்குச் செம்பனை. சரி. இந்தச் செண்டுடுக்குக்கு யாரு?"

பேத்தி காத்திருந்தவள் போலச் சொன்னாள். செண்டுடுக் பூவில் தேனே கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் குழலுக்குள் அடைத்து வைத்திருக்கும். பெரிய கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் ‘ஊம்’ என்று அதிர வைக்கும். அந்த அதிர்ச்சியில் உப்பு டப்பாவிலிருந்து உப்பு விழுவது போல மகரந்தம் கொட்டும். பூவில் இரண்டு விதத் தாள். மஞ்சள் தாள் வண்டுக்குச் சாப்பாடு. ஊதாத் தாள் வளைந்து நின்று, வண்டு சாப்பிடுகிற நேரத்தில் அதன் உடம்பில் தூளைப் பூசி அனுப்பும்.

"நாங்க அடிச்ச மாதிரியே" என்றார் அத்தை.

கடைப் பூச்செடி ஏன் கூடாது என்றும் அவளிடம் கேட்டேன். நல்ல பதில் சொன்னாள். வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும், அதன் புழு மட்டும் குறிப்பிட்ட இலையைத்தான் தின்னும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பச்சைப் புழுவைப் பார்த்து நசுக்கியிருப்பீர்களே, அதுதான் கறுப்பும் மஞ்சளுமாகப் பறக்கும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. பிள்ளையார் கோயிலுக்கு மாலை கட்டும் எருக்குதான் இன்னொன்றின் பிள்ளைக்குச் சோறு. தமிழ்நாட்டு அரசு 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் அப்படியே. அதன் புழுவுக்கு நீரடிமுத்து இனத்து மர இலை வேண்டும். மரம் போனால் மறவனும் போய்விடுவான். செம்பனைத் தோட்டங்களில் சாலையோரம் கொடிரோஜாவும் மஞ்சள் டர்னேராவும் வைத்திருப்பதைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அழகுக்கல்ல. இலை தின்னும் புழுக்களை ஒழிக்கும் குளவிகளுக்குத் தேன் கொடுப்பதற்காக. அவை அமெரிக்கக் கண்டத்துச் செடிகள், வேலையை ஒழுங்காகத்தான் செய்கின்றன. நான் அவற்றைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம் ஊர்ப் புழுக்களில் பலவற்றுக்கு அவற்றின் இலையால் பயனில்லை.

பிள்ளைகள் மறுபடியும் நடப்போகிறார்களாம். இம்முறை வேலியோரத்தில் செங்கல் வைத்து எல்லை கட்டி, ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை. தமிழிலும் மலாயிலும் எழுதப்போகிறார்கள், புல் வெட்டுகிறவர் படிக்க வேண்டுமே! செண்டுடுக்கோடு சிம்போ ஆயரும் உண்டு. தெம்பே பொட்டலம் கட்டும் பெரிய இலைச் செடி. மஞ்சள் பூ தினமும் ஒன்றாவது விரிந்து அன்றே உதிரும், தேனீக்கு வருஷம் முழுதும் வேலை கொடுக்கும். இட்லிப்பூ இரண்டு, கிலுகிலுப்பை ஒன்று. கிலுகிலுப்பை விதை அத்தையின் சிநேகிதி வீட்டிலிருந்து வந்தது. செங்கல் அடுக்க வருவதாக அத்தையே ஒப்புக்கொண்டிருக்கிறார். செண்டுடுக்கை எங்கே தேடினால் அதிகம் கிடைக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

நாங்கள் கரையிலேயே இருட்டும்வரை இருந்தோம். எதிரே துவாஸ் விளக்குகள் எரிந்தன. படகுத்துறைக்குப் பக்கத்துப் பெரெபாட் மரத்தில் மொட்டுகள் மெதுவாகப் பிரிந்து வெள்ளைத் தூரிகைகள் வெளியே வந்தன. அத்தை கிளையை வளைத்து மோந்து பார்த்தார். "சோம்பு இல்லே. புளிச்ச மோர் மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். தலைக்கு மேல் என்னவோ சட்டென்று கடந்து போனது. வௌவால் என்று பேத்தி சாதித்தாள். நான் பார்க்கவில்லை.

சேற்றில் கிடந்த பெரெபாட் காய் ஒன்றை, நட்சத்திரம் போன்ற காம்போடு எடுத்துப் பேத்தி கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"அதை எங்கேடி நடப்போறே? உப்புத் தண்ணிக்குக் கடலையா வீட்டுக்குக் கொண்டாருவே?" என்றார் அத்தை.

"பூந்தொட்டியில வச்சு, தினம் கொஞ்சம் உப்புப் போடுவேன் பாட்டி."

"போடு போடு. உப்பு விலை தெரியுமா உனக்கு?" என்று சொல்லிக்கொண்டே அத்தை குனிந்து இன்னொரு காயைப் பொறுக்கினார்.